கேலரிக்கு அடியில் ஒரு குடித்தனம்

எங்கள் அக்கா புருஷனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பல்லி கத்தினால் பயம். லிஃப்ட் கதவு மூடினால் பயம். போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே முகம் வெளுத்துவிடும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். "மாமா, பூட்டு பாவம், விட்டுடுங்க" என்று கிண்டல் செய்வேன். மச்சினிக்கு அந்த உரிமை உண்டு. அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை இழுத்துவிட்டுத்தான் வருவார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் ஆயிரக்கணக்கான பேர் தொண்டை கிழியக் கத்தும் இடத்தில் குடித்தனம் நடத்தினார். ஃபுட்பால் கிளப்பின் மைதானத்தில் புல் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. வேலையோடு வீடும் கொடுத்திருந்தார்கள். வீடு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கிழக்கு கேலரிக்கு அடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். ஜனங்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் படிகள்தான் அந்த வீட்டுக்குக் கூரை. முன்னறையில் நிமிர்ந்து நிற்கலாம். சமையலறைப் பக்கம் போகப் போகக் கூரை சரிந்து இறங்கும். அடுப்பு இருக்கும் மூலையில் என் அக்காவே குனிந்துதான் நிற்பாள், அவளோ என் தோளுக்குக்கூட வரமாட்டாள். பக்கவாட்டில் ஒரு கதவு. அதைத் திறந்தால் நேரே மைதானம்.

கோல் விழுந்தால் தலைக்கு மேலே இடி இடிக்கும். பாத்திரங்கள் அலமாரியில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். அக்கா கரண்டியை நீட்டி மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "நம்ம கோலா, அவங்க கோலா?" என்று கேட்பாள். சத்தத்தை வைத்தே மாமா சொல்லிவிடுவார்.

கூலிக்குப் புல் வெட்ட வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். செருப்புப் போட்டுக்கொண்டு அந்தப் புல்லில் கால் வைத்ததே கிடையாது. ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று கையால் பார்க்கமாட்டார். குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். ஆட்டம் நடக்கும்போது கோட்டைத் தாண்டி உள்ளே போவது அவர் கணக்கில் பெரும் பாவம். பந்து பொறுக்குகிறவன்கூட அவரைக் கண்டால் கோட்டுக்கு வெளியேதான் நிற்பான். ரசிகர்கள் அவரைப் "புல்லண்ணன்" என்று கூப்பிட்டார்கள். வேறு பெயர் அவருக்கு இருந்ததே பலருக்குத் தெரியாது.

நான் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ். அதனால் இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒரு விஷயம் மட்டும் பிடிக்கும். அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது அடிபட்டு விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், கேலரி முழுக்க உட்கார்ந்துவிடும். எந்த டீம் ஆள் என்று பார்ப்பதில்லை. விழுந்தவன் எழுந்து நின்றாலோ, தூக்கிக்கொண்டு போய்விட்டாலோதான் எழுவார்கள். எழும்போது சந்தோஷத்தில் ஒரு குதி குதிப்பார்கள். எங்கள் வார்டுக்கு வந்த எதிர் டீம் பையன் ஒருவன் அதைச் சொல்லிச் சொல்லி அழுதான். கால் எலும்பு இரண்டாக உடைந்தவன், அதற்கு அழவில்லை.

இப்போது முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுக்குமாடி கட்டி விற்கிறவர் அவர். கிளப்பை வாங்கும்போது மாலையும் மேளமும் இல்லாத குறைதான், அப்படி வரவேற்றார்கள். வந்த மனிதர் முதலில் பச்சை ஜெர்சியைத் தன் கம்பெனியின் ஆரஞ்சு நிறத்துக்கு மாற்றினார். பிறகு நன்றாக ஆடுகிறவர்களை ஒவ்வொருவராக விற்றார். டிக்கெட் விலை ஏறியது, கக்கூஸில் தண்ணீர் நின்றது. விளம்பரப் பலகைகளுக்கு மட்டும் வருஷா வருஷம் புதுப் பெயிண்ட். டீம் கடைசி இடத்துக்கு வந்தபோது, தோற்பதும் ஒரு அனுபவம்தான் என்று பேட்டி கொடுத்தார். எனக்கே கை பரபரத்தது, ரசிகர்களைக் கேட்க வேண்டுமா?

"வித்துட்டுப் போ!" என்று கத்த ஆரம்பித்தார்கள். அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "குதிக்காதவன் முதலாளி ஆளு!" அதைத் தொடங்கிவிட்டால் அத்தனை பேரும் தாளத்தோடு குதித்தாக வேண்டும். குதிக்காமல் நின்றால் பக்கத்தில் இருப்பவன் பார்க்கிற பார்வையே வேறு மாதிரி இருக்கும். முட்டிவலிக்காரர்கள்கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பிக் காட்டுவார்கள்.

முதலாளியும் விற்கிறேன் என்றுதான் சொன்னார். கப்பல்காரர் ஒருவர் வாங்குகிறார் என்று ஒரு வாரம் பேச்சு, அடுத்த வாரம் அது முறிந்துவிட்டது என்று பேச்சு. பிறகு மருந்துக் கம்பெனிக்காரர் வந்தார். வந்தார், பார்த்தார், யோசித்துச் சொல்கிறேன் என்றார். பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் காபி குடித்துவிட்டுப் போய்விடுகிற வீடு மாதிரி ஆகிவிட்டது கிளப்.

இந்த அமளிக்கு நடுவில்தான் அக்கா ஒரு நாள் அடுப்பில் இருந்த பாலில் சிமெண்ட் தூள் மிதப்பதைப் பார்த்தாள். அண்ணாந்து பார்த்தால், கூரை மூலையில் முடிபோல ஒரு விரிசல். முதலில் பல்லிதான் என்று நினைத்து மாமா வெளியே ஓடிவிட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு துண்டுக் காகிதத்தைப் பசை தடவி விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினார். விரிசல் வளர்ந்தால் காகிதம் கிழியும், ஒரு மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது. அடுத்த ஆட்டம் முடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். கிழிந்திருந்தது. புதிதாக ஒட்டினார். அதுவும் கிழிந்தது. மழைக்காலம் முடிவதற்குள் விரிசலில் விரல் நுனி நுழைந்தது, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது.

மாமா நடுங்கிக்கொண்டே போய் கிளப் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் ஆள் அனுப்பி மேலாகச் சிமெண்ட் பூசி வெள்ளையடித்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மாமாவிடம் பேசினார். அந்தப் பேச்சை மாமா என்னிடம் அப்படியே ஒப்பித்தார்.

"விக்கிற வேலை முடியற வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க. வாங்கறவர் காதுல விழுந்தா அவர் பின்வாங்கிடுவார். அப்புறம் முதலாளி உங்களை வீட்டை விட்டு அனுப்பறது இருக்கட்டும், அந்த ரசிகர் கூட்டம் உங்களை உயிரோட விடுமா? நீங்களே யோசிச்சுக்குங்க."

யோசித்தார். யோசித்து யோசித்தே பாதியாக இளைத்துப்போனார். சொன்னால் வியாபாரம் முறியும், ரசிகர்கள் அடிப்பார்கள். சொல்லாவிட்டால் கூரை ரசிகர்களோடு சேர்ந்து கீழே வரும். "மாமா, போய்ச் சொல்லித் தொலைங்க" என்று கத்தினேன். "யாருகிட்ட சொல்ல? எப்படிச் சொல்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஐஸாக இருந்தது. வார்டில் அப்படிப்பட்ட கையைத் தொட்டால் நான் உடனே டாக்டரைக் கூப்பிடுவேன்.

அக்காவை என் வீட்டுக்குப் போகச் சொல்லி மாமா கெஞ்சினார். அவள் அசையவில்லை.

"நான் போயிட்டா நீங்க நிம்மதியா வாயை மூடிக்கிட்டு இருந்துடுவீங்க. நான் அடியில இருந்தாத்தான் உங்களுக்குப் பேச்சு வரும். நீங்க என்னிக்குச் சொல்றீங்களோ அன்னிக்கு நான் வெளிய வர்றேன்."

எங்கள் குடும்பத்தில் பெண்களுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். 

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் "தொண்டை" வந்தான். தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறவன். ரசிகர் கூட்டத்துக்குக் கோஷம் எடுத்துக் கொடுப்பது அவன்தான், அதனால் அந்தப் பெயர். மாமா மேல் அவனுக்குத் தனிப் பாசம். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணே, நாளைக்கு வாங்கறவரே நேர்ல வர்றாராம். இந்தத் தடவை நெஜமாவே முடியப் போகுது. நாங்க என்ன பண்ணப் போறோம் தெரியுமா? மத்த கேலரியெல்லாம் காலி. அத்தனை பேரும் இங்க, கிழக்குக்கு வர்றோம். இடைவேளை முடிஞ்சதும் ஒண்ணாக் குதிக்கிறோம். நாம யாருன்னு அந்த ஆளு கண்ணால பாக்கணும்."

மாமாவின் வாய் திறந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாக் குதிங்கப்பா" என்றார் மாமா.

தொண்டை விழுந்து விழுந்து சிரித்தான். "மெதுவாவா? அண்ணனுக்கு எப்பவும் தமாஷ்தான்!" முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டான். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அக்கா அடுப்பைத் துடைக்கப் போனாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன், அக்காவை இழுத்துக்கொண்டாவது வந்துவிடுவது என்று. அவள் சமையலறை மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் இழுத்தால் அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஆட்கள் வந்து நிரம்பிக்கொண்டே இருந்தார்கள். வழக்கமாகக் கேட்கும் காலடிச் சத்தம் அல்ல அது. லாரியிலிருந்து கல் கொட்டுகிற சத்தம். முதல் பாதி முழுக்க அக்காவோடு மல்லுக்கட்டினேன். மாமா பக்கவாட்டுக் கதவில் நின்றுகொண்டு, மைதானத்தை ஒரு தரம், எங்களை ஒரு தரம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

இடைவேளை முடிந்தது. தொண்டையின் குரல் எழுந்தது. பிறகு அத்தனை பேரும்.

அந்தக் குதியை நான் காதால் கேட்டேன் என்று சொல்லமுடியாது. பல்லில் உணர்ந்தேன். இரண்டாவது குதியில் புதுப்பூச்சு முழுசாகப் பெயர்ந்து அடுப்பின் மேல் விழுந்தது. மூன்றாவதில் விரிசல் என் கண் முன்னால் அகலமானது. அதன் வழியாக வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தில் செருப்புக் கால்கள் எழும்பி எழும்பி இறங்கின. நான் அலறினேன். என் அலறல் எனக்கே கேட்கவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் பயம்தான்.

திரும்பிப் பார்த்தால் கதவில் மாமா இல்லை. வாசலுக்கு ஓடினேன்.

வெறுங்காலோடு மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, கோட்டைத் தாண்டி, தான் வளர்த்த புல்லில். நடுவர் விசில் ஊதினார். ஆட்டக்காரர்கள் நின்றுவிட்டார்கள். மாமா நடுவில் போய் நின்று கிழக்கு கேலரியைப் பார்த்து இரண்டு கையையும் மேலும் கீழும் ஆட்டினார். குதிக்காதீர்கள், குதிக்காதீர்கள் என்று கத்துகிறார். வாய் அசைவது எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வேறு என்ன தெரியும்? ஆட்டத்தின்போது புல்லில் கால் வைக்காத புல்லண்ணனே முதலாளிக்கு எதிராக உள்ளே இறங்கிவிட்டார் என்றுதான் நினைத்தார்கள். "புல்லண்ணன்! புல்லண்ணன்!" என்று கோஷம் மாறியது. அவர் கையை ஆட்டுவதைப் பார்த்து அத்தனை பேரும் அதே மாதிரி கையை ஆட்டினார்கள். அவர் தாளம் போட்டுக் கொடுக்கிறார் என்று நினைத்து, முன்பைவிட இரண்டு மடங்கு வேகமாகக் குதித்தார்கள்.

மாமா கையை வேகமாக ஆட்டினார். அவர்களும் வேகமாகக் குதித்தார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு முகத்தை இனிமேல் பார்க்கக்கூடாது. தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தார். வாசலில் நான் மட்டும் நிற்கிறேன், அக்கா இல்லை. அவ்வளவுதான். அடுத்த கணம் தடாலென்று மயங்கி விழுந்தார்.

கேலரி உட்கார்ந்தது.

வழக்கம் அது. யாரும் சொல்லவில்லை, யாரும் யோசிக்கவில்லை. ஒரே மூச்சில் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அமைதியில் சமையலறையில் சிமெண்ட் கட்டிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தம் கேட்டது.

அக்கா அப்போதுதான் வெளியே வந்தாள். புருஷனிடம் ஓடவில்லை. படியேறி, உட்கார்ந்திருந்தவர்களின் தோளை மிதித்துக்கொண்டு போய்த் தொண்டையின் சட்டையைப் பிடித்தாள். "வாடா. வந்து பாருடா." தரதரவென்று இழுத்து வந்து சமையலறையில் நிறுத்தினாள். அவன் அண்ணாந்து பார்த்தான். விரிசலுக்கு மேலே உட்கார்ந்திருந்த ஒருவனின் சட்டை நிறம்கூடத் தெரிந்தது. தொண்டைக்குக் குரலே எழவில்லை.

நான் மாமாவிடம் ஓடினேன். நாடி இருந்தது. கண்ணைத் திறந்தார்.

"அவ வெளிய வந்துட்டாளா?"

"வந்துட்டா மாமா."

"அப்ப எந்திரிக்கவா?" என்று கையை ஊன்றினார். கேலரியில் நாலைந்து பேர் அதைப் பார்த்து எழப் போனார்கள். எனக்கு உயிரே போனது. அவர் எழுந்து நின்றால் அத்தனை பேரும் சந்தோஷத்தில் குதிப்பார்கள்! அதற்குள் தொண்டை கதவிலிருந்து கத்தினான். "அண்ணே, எந்திரிக்காதே! படுத்தே இரு! சத்தியமா எந்திரிக்காதே!"

நான் அவர் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினேன். "எந்திரிச்சீங்க, நானே கொன்னுடுவேன்."

படுத்தே இருந்தார். தொண்டை ஒவ்வொரு வரிசையாகப் போய்க் காதோடு காதாகச் சொல்லி, ஒரு வரிசை எழுந்து மெல்ல இறங்கிப் போன பிறகு அடுத்த வரிசையை எழுப்பினான். அத்தனை நேரமும் மாமா புல்லில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக் கிடந்தார்.  "போயிட்டாங்களா? போயிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இல்லை மாமா, இன்னும் கொஞ்சம் பேர். இன்னும் கொஞ்சம் பேர். கடைசி ஆள் இறங்கும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

முக்கியஸ்தர்கள் உட்காரும் கண்ணாடி அறையில் இருந்த, கிளப்பை வாங்க வந்தவர் அதற்கு முன்பே காரேறிவிட்டார். வியாபாரம் முறிந்தது. மனநிலை சரியில்லாத ஊழியர் ஒருவர் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டதாக முதலாளி அறிக்கை விட்டார். மாமாவுக்கு வேலை போனது, வீட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். ரசிகர்களில் சிலர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சிலர், விற்கிற நேரத்தில் கெடுத்த பாவி என்று என் வீட்டு ஜன்னலில் கல் எறிந்தார்கள். அக்காவும் மாமாவும் இப்போது என் முன்னறையில்தான் இருக்கிறார்கள். கண்ணாடி மாற்றிவிட்டேன். கல் எறிந்தவன் மட்டும் கையில் கிடைத்தால் எலும்பு வார்டில் அவனுக்கு நானே இடம் பார்த்துக் கொடுப்பேன்.

புது சீசன் வந்தது. தொண்டை ஒரு காலை வந்து வாசலில் நின்றான்.

"அண்ணே, கிழக்கு கேலரியைப் பூசி பெயிண்ட் அடிச்சுட்டாங்க. இன்ஜினியர் சர்டிபிகேட் கொடுத்துட்டாராம். சனிக்கிழமை திறக்கிறாங்க. இன்னொரு ஆளு வாங்க வர்றதாவும் பேச்சு."

"கம்பியை மாத்தினாங்களா?"

"தெரியலண்ணே."

"ஜனங்க போவாங்களா?"

"டிக்கெட் வித்துப் போச்சுண்ணே. நானும் எத்தனை பேர்கிட்டதான் சொல்றது? நம்ம டீமாச்சே, போகாம இருப்பாங்களா?"

மாமா நகராட்சிக்குப் போனார். மனு கொடுத்தார். சர்டிபிகேட் இருக்கிறதே ஐயா, நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். சனிக்கிழமை விடிந்ததும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போன் அடித்தால் வெளுத்துப்போகிற மனிதர், முன்பின் தெரியாத ஒருவரிடம் மணி கேட்கக்கூடத் தயங்குகிறவர், மைதானத்தின் கிழக்கு வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு, "இந்தப் பக்கம் வேண்டாம்பா, வடக்கே போங்க" என்று சொன்னாராம். சிலர் கேட்டுக்கொண்டு திரும்பினார்களாம். பலர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்களாம். முதலாளி ஆளு என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னானாம். அவர் அவனையும் கும்பிட்டாராம். கூடப் போன அக்கா சொன்னாள்.

அன்றைக்கு எனக்கு லீவு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனேன். எங்கள் ஆஸ்பத்திரி வரைக்கும் மைதானத்துச் சத்தம் கேட்கும். மத்தியானம் தாண்டி ஒரு பெரிய இரைச்சல் எழுந்தது. கால்கட்டோடு படுத்திருந்த பையன்கள் கோல் என்று கத்திக் கைதட்டினார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது வெறும் கோல் சத்தமாகவே இருக்க வேண்டும், சத்தமாகவே அடங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழுந்தது. இந்தத் தடவை தாளத்தோடு. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "ஏன் சிஸ்டர், முகம் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றார். ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு, காலியாக இருந்த கட்டில்களுக்கு விரிப்புப் போடப் போனேன்.